வீட்டில் கால்நடை அறுத்த பிறகு: கழிவைச் சட்டப்படி அகற்றுவது எப்படி

முப்பது கிலோ எடையுள்ள ஒரு ஆட்டை அறுத்தால், எலும்போடு சேர்த்துக் கிடைக்கும் இறைச்சி ஏறக்குறைய 14 கிலோ. தோல் இரண்டரை, மூன்று கிலோ. குடலும் இரைப்பையும் உள்ளே இருக்கிற தீவனத்தோடு ஆறிலிருந்து எட்டுக் கிலோ. தலையும் கால்களும் மூன்று கிலோ. ஈரல், நுரையீரல், இதயம் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. வடிகிற ரத்தம் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பாதி ஆடு இறைச்சியாகாது என்பதை முதல் முறை அறுக்கிறவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பதில்லை. மாடு என்றால் இதே விகிதத்தில் கழிவு 200 கிலோவைத் தாண்டிவிடும்.

கத்தி, கயிறு, தொங்கவிடக் கொக்கி, தண்ணீர் எல்லாம் முந்தின நாளே தயாராகிவிடுகின்றன. கழிவு எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் குடல் வாளியில் விழுந்த பிறகுதான் எழுகிறது. அந்த நேரத்தில் கை முழுக்க ரத்தம், வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, ஈ மொய்க்கிறது. அவசரத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் ஓடைக்கரை, சாக்கடை, குப்பைத்தொட்டி, அல்லது தெருநாய். இவை பல நாடுகளில் சட்டப்படி குற்றம். ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பாகமும் எங்கே போகும் என்று முடிவான பிறகுதான் அறுப்பு நாளைக் குறிக்க வேண்டும்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை

முதல் படி ஒரு தொலைபேசி அழைப்பு. உங்கள் பகுதியின் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவு, கால்நடைத் துறை, சுற்றுச்சூழல் துறை மூன்றில் ஏதாவது ஒன்று இதைக் கவனிக்கும். சில இடங்களில் மூன்றுமே ஆளுக்கொரு பகுதியைக் கவனிக்கும். ஒருவர் சொன்னதோடு நிறுத்தாமல், "இதில் வேறு துறைக்கும் பங்கு உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

கேட்க வேண்டியவை இவை. வீட்டில் அறுப்பதே அனுமதிக்கப்பட்டதா? அனுமதி இருந்தால் எந்த விலங்குக்கு, யார் சாப்பிட? புதைக்கலாமா, மட்க வைக்கலாமா, அல்லது உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டுமா? எந்தெந்தப் பாகங்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும்? நானே வண்டியில் கொண்டுபோகலாமா? என்ன பதிவு வைத்திருக்க வேண்டும், எத்தனை ஆண்டு?

நாட்டுக்கு நாடு பதில் தலைகீழாக மாறும். இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள், நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற இறைச்சிக்கூடத்துக்கு வெளியே அறுப்பதைத் தடை செய்கின்றன. அங்கே கழிவுக் கேள்விக்கு முன்பே அறுப்புக் கேள்வி வந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்து பண்ணையில் புதைப்பதற்குப் பொதுத் தடை. எட்டாத தொலைவில் உள்ள பகுதிகள் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. நியூசிலாந்தில் வட்டார மன்றங்களின் விதிகளுக்கு உட்பட்டு பண்ணையிலேயே கழிவுக்குழி வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்கள் பண்ணையில் மட்க வைப்பதை ஏற்கின்றன. எனவே இணையத்தில் யாரோ ஒருவர் "நான் தோட்டத்தில்தான் புதைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வது உங்களுக்கு அனுமதிச் சீட்டாகாது. அவர் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறாரோ!

பதில் சொன்னவரின் பெயர், பதவி, தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.

எல்லாக் கழிவும் ஒன்றில்லை

ஒரே குழியில் எல்லாவற்றையும் கொட்டுவது சுலபமாகத் தெரியும். சட்டமும் சரி, நோய்க்கிருமிகளும் சரி, கழிவை அப்படிப் பார்ப்பதில்லை.

இரைப்பைக்குள் இருக்கிற அரைச் செரிமானத் தீவனம் ஏறக்குறைய சாணம்தான். பல சட்டங்களும் அதைச் சாணத்தோடுதான் சேர்க்கின்றன. மட்க வைக்க மிகச் சுலபமான பகுதி இது. கொம்பும் குளம்பும் நாற்றமெடுக்காது, ஆனால் மட்க ஆண்டுகள் ஆகும். தோல் கழிவே இல்லை, சரியாகக் கையாண்டால் மதிப்புள்ள பொருள்: உரித்ததும் நிழலில் விரித்துச் சூடு தணியவிட்டு, உட்புறம் மேலாக வைத்து, தோலின் எடையில் பாதி அளவு உப்பை ஓரம் வரை தேய்த்துவிட்டால் பதனிடுபவரிடம் போகும்வரை தாங்கும். சில மணி நேரம் தாமதித்தால் முடி உதிரத் தொடங்கி, அது மூன்று கிலோ நாற்றமாக மாறிவிடும். பதனிடுபவர் வாங்கிக்கொள்வாரா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் வாங்கினால் உங்கள் கழிவில் பெரிய பங்கு அப்படியே குறைந்துவிடும்.

மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றிலும் இன்னொரு பிரிவு இருக்கிறது. மூளை, தண்டுவடம், கண், மண்டையோடு, மாட்டில் குடலின் சில பகுதிகள். இவற்றை அபாயப் பாகங்கள் என்று தனியாகப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் 1986இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பைத்தியப் பசு நோய். நோயுற்ற விலங்குகளின் கழிவையே அரைத்து மாட்டுத் தீவனத்தில் கலந்ததால் அது பரவியது. பத்து ஆண்டு கழித்து, 1996இல், அதே நோயின் மனித வடிவம் உறுதியானது. இந்த நோயை உண்டாக்குவது பாக்டீரியாவோ வைரஸோ இல்லை, உருமாறிய ஒரு புரதம். சமையல் சூடும் மட்குக் குவியலின் சூடும் அதை அழிக்காது; மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் சட்டம் இங்கே இவ்வளவு கறாராக இருக்கிறது.

வயதைக் கவனியுங்கள். அமெரிக்க விதிகளில் மாட்டின் மூளை, தண்டுவடம் போன்றவை 30 மாதம் நிறைந்த விலங்குகளுக்கு அபாயப் பாகம்; உள்நாக்குச் சதையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் எந்த வயது மாட்டுக்கும் அபாயப் பாகம்தான். ஐரோப்பிய விதிகளில் ஆட்டுக்கு 12 மாதம், அல்லது நிலைப்பல் ஈற்றைக் கிழித்து வெளியே வந்திருப்பது. பிறப்புப் பதிவு இல்லாதபோது வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுதான் வழி. பிரிட்டனில் இந்தப் பாகங்களை நீலச் சாயம் தடவித்தான் ஒப்படைக்க வேண்டும், தவறிப்போய்த் தீவனத்திலோ உணவிலோ சேர்ந்துவிடாமல் இருக்க. உங்கள் இடத்தில் இப்படி ஒரு பட்டியல் இருந்தால் அதற்கென்று மூடியுள்ள தனி வாளி ஒன்றை ஒதுக்குங்கள். முதுகெலும்பை நடுவே பிளக்கும் முன் யோசியுங்கள்: பிளந்தால் தண்டுவடம் சிதறி இறைச்சியிலும் மற்றக் கழிவிலும் படும். வயதான விலங்கு என்றால் பிளக்காமல் பக்கவாட்டில் சதையை எடுத்துவிடுவது நல்லது.

நாய்க்கும் பன்றிக்கும் போடாதீர்கள்

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அன்பினால் செய்யப்படும் தவறு இது. அறுப்பு நடக்கும்போது நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும். நுரையீரல் நமக்கு வேண்டாம், அது சாப்பிடட்டுமே என்று தோன்றும்.

ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் சில நேரம் இருக்கும். அவை ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால், ஏழு வாரத்துக்குள் அதன் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளர்ந்து முட்டையிடத் தொடங்கும். முட்டை மலத்தோடு வெளியே வரும், நாயின் மயிரில் ஒட்டும், நாயைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் விரலுக்குப் போகும். அந்தக் குழந்தையின் ஈரலில் கட்டி சத்தமில்லாமல் வளர்ந்து, அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வருவதற்குள் அது பெரிய ஆளாகியிருக்கும். நாய்க்கோ இதனால் ஒரு தொந்தரவும் தெரியாது, ஆரோக்கியமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் இந்த நோய் மக்களை வாட்டியது. 1860களில் ஹரால்ட் கிராபே என்ற டேனிஷ் ஆய்வாளர் எளிய மொழியில் ஒரு கையேடு எழுதினார், அது வீடு வீடாகப் போனது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடக் கூடாது என்பதுதான் அதில் முக்கியமான செய்தி. பிறகு சட்டமும் வந்தது, நோய் ஒழிந்தது. நியூசிலாந்து 1959இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, 2002இல் நோயற்ற நாடாகத் தற்காலிக அறிவிப்பைச் செய்ய முடிந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு வாளிக் கழிவை மூடி வைப்பதால் அறுபடும் சங்கிலி அது.

உண்மையிலேயே நாய்க்குக் கொடுக்க வேண்டும் என்றால், சட்டம் அனுமதிக்கும் இடத்தில், துண்டு துண்டாக வெட்டி, கொதிக்கும் நீரில் குறைந்தது அரை மணி நேரம் உள்வரை வேகவைத்த பிறகு மட்டும் கொடுங்கள். அறுப்பு நடக்கும் நாள் முழுவதும் நாயைக் கட்டிப்போடுவது இன்னும் நிம்மதி.

பன்றிக்கு இறைச்சிக் கழிவைப் போடுவது பல நாடுகளில் முழுத் தடை. பிரிட்டனில் 2001இல் பரவிய கோமாரி, வேகவைக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்ட ஒரு பண்ணையிலிருந்து தொடங்கியது என்றுதான் விசாரணை முடிந்தது. அறுபது லட்சத்துக்கும் மேலான கால்நடைகளைக் கொல்ல வேண்டி வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இதே வழியில் பரவுகிறது.

பறவைகளுக்குப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் ஏறக்குறைய அழிந்துபோனதற்குக் காரணம், மாடுகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கியிருந்ததுதான். விலங்குக்கு அண்மையில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பது நீங்கள் சாப்பிடுவதற்கு மட்டும் இல்லை, கழிவைத் தின்பதற்கும் பொருந்தும்.

முந்தின நாளும் அன்றைய நாளும்

அறுப்பதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு தீவனத்தை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள். இரைப்பை கொஞ்சம் லேசாகும், குடல் கிழிந்து இறைச்சியில் கொட்டும் ஆபத்தும் குறையும். குளிர்ந்த விடியற்காலையில் தொடங்குங்கள். நீல ஈக்கள் சூடு ஏறிய பிறகுதான் கூட்டமாக வரும், வந்தால் சில நிமிடங்களில் முட்டையிட்டுவிடும், ஒரு நாளுக்குள் புழு.

வாளிகளை வரிசையாக வையுங்கள், எல்லாவற்றுக்கும் மூடி இருக்கட்டும். ரத்தத்துக்கு அகலமான தட்டு. இரைப்பைத் தீவனத்துக்கு ஒன்று. குடல், வேண்டாத உறுப்புகளுக்கு ஒன்று. அபாயப் பாகங்களுக்குச் சிவப்பு நாடா ஒட்டிய ஒன்று. எலும்பு, குளம்பு, கொம்புக்கு ஒரு சாக்கு போதும்.

ரத்தத்தைப் பற்றித்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். திரவம்தானே, தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். நீரில் கலந்த கழிவு மக்கும்போது எவ்வளவு உயிர்வளியை இழுக்கும் என்று ஒரு அளவு உண்டு. வீட்டுச் சாக்கடை நீருக்கு அது லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம். ரத்தத்துக்கு ஒன்றரை லட்சம் மில்லிகிராமுக்கு மேல். அதாவது ஒரு ஆட்டின் ரத்தம் ஒரு சிறு ஓடைக் குட்டையில் விழுந்தால் அங்கே மீன் மூச்சுமுட்டிச் சாகப் போதும். மழைநீர் வடிகால் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஆற்றுக்குப் போகிறது. வீட்டுக் கழிவுத் தொட்டியில் ஊற்றினால் அங்குள்ள நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு, ரத்தமும் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

சுலபமான வழி: தட்டில் முதலிலேயே பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு உலர்ந்த மரத்தூளைப் பரப்பி, ரத்தம் அதன்மேல் விழும்படி செய்யுங்கள். ஒரு லிட்டருக்கு ஐந்து லிட்டர் வாளி நிறைய மரத்தூள் கணக்கு. கெட்டியான, கையால் அள்ளக்கூடிய ஒன்றாக அது மாறிவிடும். பிறகு புதைப்பதோ மட்க வைப்பதோ ஒப்படைப்பதோ எல்லாமே சுலபம்.

குடலை எடுக்கும் முன் உணவுக்குழாயையும் மலக்குடலையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு முடிச்சு ஒரு மணி நேரக் கழுவலை மிச்சப்படுத்தும்.

புதைப்பது, அனுமதி உள்ள இடத்தில்

புதைப்பதில் மூன்று விஷயம்தான் முக்கியம்: தண்ணீர், ஆழம், மேல்மண்.

குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் உலர்ந்த மண் இருக்க வேண்டும். தோண்டும்போது ஊற்று கசிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பது இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் முன்பு இருந்த வேளாண் நடைமுறைக் கையேடு குடிநீர்க் கிணற்றிலிருந்து 250 மீட்டர், மற்ற ஊற்று, ஓடைகளிலிருந்து 30 மீட்டர், வயல் வடிகாலிலிருந்து 10 மீட்டர் என்று வைத்திருந்தது. உங்கள் விதி எதுவும் சொல்லவில்லை என்றாலும் இந்த அளவைப் பிடித்துக்கொண்டால் தவறு நேராது. மணற்பாங்கான நிலமும் வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறையும் கசிவைத் தடுக்காது, களிமண் நல்லது.

மேலே குறைந்தது ஒரு மீட்டர் மண் மூட வேண்டும். நான் முதல் முறை புதைத்தபோது முழங்கால் ஆழமே போதும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் நாய்கள் குடலை இழுத்துத் தெருவரை கொண்டுபோயிருந்தன. அன்றிலிருந்து அளவுகோல் இல்லாமல் குழி மூடியதில்லை. மூடிய பிறகு மண் ஒரு மாதத்தில் இறங்கும், ஆகவே மேடாகக் குவித்து விடுங்கள். இல்லையென்றால் மழைநீர் அங்கேதான் தேங்கும். முதல் சில வாரம் மேலே கம்பிவலையும் கனமான கற்களும் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பையோடு புதைக்காதீர்கள். பைக்குள் காற்றுப் போகாமல், மக்காமல், பல ஆண்டு கழித்தும் அப்படியே கிடக்கும். இரைப்பையைக் கிழித்து விரித்துப் போடுங்கள், இல்லையென்றால் வாயு நிரம்பி மண்ணைத் தூக்கும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது, கொட்டினால் உடல் சீக்கிரம் கரைந்துவிடும் என்று. நடப்பது நேர்மாறானது. சுண்ணாம்பு மக்கவைக்கும் நுண்ணுயிர்களைத் தடுத்து, மேலே ஒரு ஓடுபோல உறைந்து, மக்குவதைத் தாமதப்படுத்துகிறது. நாற்றத்தையும் விலங்குகள் தோண்டுவதையும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதிகாரி போடச் சொன்னால் போடுங்கள்; நீங்களாகப் போட வேண்டாம்.

மட்க வைப்பது

அனுமதி இருந்தால் நான் முதலில் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான். புதைகுழியில் காற்று இல்லாததால் கழிவு மெதுவாக அழுகிக் கசிகிறது. மட்குக் குவியலில் காற்று இருப்பதால் சூடேறிச் சீக்கிரம் மக்குகிறது, பெரும்பாலான கிருமிகளும் சாகின்றன. ஆனால் எல்லா இடத்திலும் வீட்டுக் குவியல் செல்லாது: ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சை விலங்குக் கழிவை மட்க வைக்க அங்கீகாரம் பெற்ற ஆலை வேண்டும், 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாத துண்டாக்கி 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. அபாயப் பாகங்களை எங்கேயும் குவியலில் போடாதீர்கள்.

வேலை செய்யும் கணக்கு இது. கரியும் தழையும், அதாவது கார்பனும் நைட்ரஜனும், சுமார் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் குவியல் நன்றாகச் சூடேறும். ரத்தத்தில் இந்த விகிதம் 3க்கு 1தான், தழைச்சத்து மிதமிஞ்சி இருக்கிறது. மரத்தூளில் பல நூறுக்கு 1. அதனால்தான் சிறிதளவு கழிவுக்கும் மலைபோல மரச்சில்லு தேவைப்படுகிறது. முதல் முறை செய்கிறவர்கள் எப்போதும் குறைவாகத்தான் சேர்க்கிறார்கள்.

மேட்டு நிலத்தில், நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, விரல் அளவு மரச்சில்லுகளை 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். இந்த அடிப்படுக்கைதான் கசிவை உறிஞ்சும், கீழிருந்து காற்றையும் விடும். அதன் நடுவில், ஓரத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளி, குடலையும் உறுப்புகளையும் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ரத்தம் ஊறிய மரத்தூளும் இரைப்பைத் தீவனமும் அதன்மேல். அப்புறம் மறுபடி சில்லு, மறுபடி கழிவு. கடைசியில் எல்லாப் பக்கமும் 60 சென்டிமீட்டர் மூடாக்கு. எந்த இடத்திலும் கழிவு கண்ணுக்குத் தெரியக் கூடாது. மொத்தக் குவியல் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் சூடு தங்காது.

ஈரத்தைப் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள்: ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் உலர்ந்த சில்லு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நீளமான குவியல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நாளில் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்ட வேண்டும். அமெரிக்காவில் கழிவுநீர்க் கசடுக்கு வைத்திருக்கும் அளவுகோல், நீண்ட குவியலாக இருந்தால் 55 டிகிரிக்கு மேல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டல். வீட்டுக் குவியலை முதல் மூன்று மாதம் நான் புரட்டுவதில்லை. புரட்டினால் நாற்றம் கிளம்பும், நாய் வரும். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு முறை புரட்டி மறுபடி மூடினால் இரண்டாவது சூடு ஏறும். நாற்றம் வந்தால் பொருள் ஒன்றுதான்: மூடாக்கு போதவில்லை.

ஒப்படைப்பதும் எரிப்பதும்

பல இடங்களில் உரிமம் பெற்ற கழிவு எடுப்பவர், எரியூட்டு நிலையம், கொழுப்புருக்கும் ஆலை இவற்றில் ஒன்றிடம் கொடுப்பது மட்டுமே சட்டபூர்வம். முன்பதிவு செய்யும்போது எடை, விலங்கு, வயது மூன்றையும் சொல்லுங்கள். அபாயப் பாகங்கள் இருக்கின்றனவா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். உரிம எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். உரிமமில்லாதவர் வாங்கிக்கொண்டு போய்க் காட்டில் கொட்டினால், பல சட்டங்களில் கொடுத்தவரும் பொறுப்பாளி. நீங்களே கொண்டுபோக அனுமதி இருந்தால் கசியாத, மூடிய பாத்திரம், அதன்மேல் என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டு இரண்டும் வேண்டும். வண்டி வரும்வரை குளிர்ச்சியான, பூட்டிய இடத்தில் வையுங்கள். 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

திறந்த வெளியில் எரிப்பது வேண்டாம். சதையில் பெரும்பகுதி தண்ணீர். விறகு தீர்ந்த பிறகும் பாதி வெந்த குடல் அப்படியே கிடக்கும், புகை மட்டும் ஊரெல்லாம் பரவும். முறையான எரியூட்டு உலையில் புகை வாயு 850 டிகிரியை எட்டுகிறது. கொல்லை நெருப்பு அதற்கு அருகில்கூட வராது, அனுமதியும் பெரும்பாலும் கிடையாது.

நிறுத்த வேண்டிய நேரங்கள்

நன்றாக இருந்த விலங்கு திடீரென்று செத்துக் கிடந்தால், மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வந்திருந்தால், கத்தியைத் தொடாதீர்கள். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலைத் திறந்து காற்றுப் பட்டதும் அந்தக் கிருமி விதைபோன்ற உறைக்குள் போய்விடும், அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மட்குக் குவியலின் சூட்டை நம்ப முடியாது. நாய்களை விலக்கி, அந்த இடத்தில் யாரும் நடக்காமல் பார்த்துக்கொண்டு, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல நாடுகளில் இதைத் தெரிவிப்பது சட்டக் கடமை.

அறுத்த பிறகு உள்ளே சீழ்க்கட்டிகள், நுரையீரலில் முத்துமுத்தான முடிச்சுகள், வீங்கிய நிணக்கணுக்கள், ஈரலில் பல நீர்க்கட்டிகள் தெரிந்தாலும் நிறுத்துங்கள். எதையும் எறியாமல் வைத்திருந்து, மருத்துவருக்குப் புகைப்படம் அனுப்பி அவர் சொல்லும் வழியில் செல்லுங்கள். சினையாக இருந்த விலங்கு என்றால் கருப்பையையும் குட்டியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கன்றுவீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) அந்த வழியிலும் மனிதர்களைப் பிடிக்கிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

கழுவுவதும் எழுதி வைப்பதும்

முதலில் உலர்ந்த நிலையிலேயே சுரண்டுங்கள். தரையில் மரத்தூள் தூவி, ஊறவிட்டு, கூட்டி அள்ளி, கழிவோடு சேர்த்துவிடுங்கள். அதன் பிறகே தண்ணீர், அதுவும் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் பட்டால் ரத்தம் வெந்து தரையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து சோப்பு, வெந்நீர். கடைசியில்தான் நீர்த்த பிளீச்சிங் கரைசல், அழுக்கு இருக்கும்போது அது வேலை செய்யாது. பிளீச்சை அமிலத்தோடோ அம்மோனியா உள்ள பொருளோடோ கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். கழுவின தண்ணீர் புல் நிறைந்த, நீர்நிலைக்குத் தள்ளிய மண்ணில் பரவிப் போகட்டும்.

ஒரு நோட்டில் அன்றே எழுதுங்கள்: தேதி, விலங்கு, வயது, காதுக்குறி எண், கழிவின் எடை, எங்கே எப்படி அகற்றப்பட்டது, யார் எடுத்துப்போனார். ரசீதை அதிலேயே ஒட்டுங்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஒப்படைத்த ஆவணங்களை இரண்டு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். உங்கள் இடத்தில் எதுவும் சொல்லவில்லை என்றாலும் இரண்டு ஆண்டு வையுங்கள். புதைத்திருந்தால் குழி இருக்கும் இடத்தை இரண்டு நிலையான அடையாளங்களிலிருந்து அளந்து ஒரு சிறு வரைபடம் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் யாரும் தோண்டிவிடக் கூடாது.

மட்க வைத்திருந்தால் ஆறு மாதம் கழித்துக் குவியலைத் திறந்து பாருங்கள். சதை, குடல் எதுவும் மிச்சமிருக்காது, மண் வாசனை வரும். அதை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் போடுங்கள், காய்கறிப் பாத்திக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் வேண்டாம். பெரிய எலும்புகள் மட்டும் வெளுத்துக் கிடக்கும், அழுத்தினால் சில நொறுங்கும். நொறுங்காதவற்றைப் பொறுக்கி எடுத்து, அடுத்த குவியலின் அடிப்படுக்கையில் சில்லுகளோடு போட்டுவிடுங்கள்.